வெறுங்கடல் எண்

சிப்பித்துறையில் முதல் நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டவர் சூசை மிராண்டா. ஐம்பது வயது. முப்பத்திரண்டு வருடமாகக் கடலுக்குப் போகிறவர். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சமுதாயக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாட்சாயணி பட்டையை இறுக்கியபோது, "தலவலி வருமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"வராதுங்கண்ணா. கண்ணு முன்னாடி கடல் தெரியும். சும்மா பார்த்துட்டு இருங்க, போதும்."

பட்டையோடு சேர்ந்த கண்ணாடியில் முதல் இரண்டு நிமிடம் அவருக்குத் தெரிந்தது அவர் தினமும் பார்க்கிற கடல்தான். அதில் ஒன்றுமில்லை. பிறகு அதே கடலில், எட்டுக் கிலோமீட்டர் தொலைவில், நூற்று நாற்பது காற்றாலைகள் எழுந்து நின்று சுற்ற ஆரம்பித்தன. தாட்சாயணி கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். ஒன்றுமில்லாத கடலுக்கு அறுபத்தொன்று. காற்றாலைகளுக்குத் தொண்ணூற்றிரண்டு.

அவள் வேலை கரையை மதிப்பிடுவது. கடலுக்குள் காற்றாலை நடும் முன்னால், அந்தக் கரை அதை எவ்வளவு தாங்கும் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அடிவானம் எத்தனை பாகைக்குத் திறந்து கிடக்கிறது, கலங்கரை விளக்கத்திலிருந்து எத்தனை காற்றாலை தெரியும், உப்பளத்திலிருந்து எத்தனை, கல்லறைத் தோட்டத்திலிருந்து எத்தனை என்பதையெல்லாம் கணினியே சொல்லிவிடும். மிச்சம் இருந்தது மனிதர்கள். முன்பெல்லாம் புகைப்படத்தைக் காட்டிப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். பிடிக்காதவர்கள் எல்லாக் கட்டத்திலும் மிக மோசம் என்று எழுதுவார்கள். வம்பு வேண்டாம் என்பவர்கள் எல்லாவற்றிலும் நன்று என்று எழுதுவார்கள். அதனால் இப்போது வாயைக் கேட்பதில்லை, உடம்பைக் கேட்கிறார்கள். நெஞ்சுத் துடிப்பு, தோலின் ஈரம், கண்மணி விரிகிற அளவு, மூளையின் அடியில் பயம் கிளம்புகிற இடத்தில் நடக்கும் சலனம், எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு ஒரு எண். அதற்கு உணர்திறன் எண் என்று பெயர். அறுபதைத் தாண்டிய கரைக்கு முன்னால் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் எந்தக் காற்றாலையும் நடக்கூடாது. நாற்பதுக்குக் கீழே போனால் எட்டுக் கிலோமீட்டரிலேயே நடலாம்.

பட்டையைக் கழற்றிய சூசை நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "காத்தாடி பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்படியா? ஆனா உங்க எண் ரொம்ப மேல போயிருக்குதுங்களே."

"கடல்ல எது புதுசா நின்னாலும் உடம்பு ஒரு தடவ திடுக்குனுதான் இருக்கும். அங்க நிக்குது, வலை மாட்டும், நீரோட்டம் மாறும், திரும்பி வர வழி சுத்தும். கண்ணு பாக்கும்போதே உடம்பு எல்லாத்தையும் யோசிச்சிரும்லா?"

"ஒண்ணுமே இல்லாத கடலுக்கும் அறுபத்தொண்ணு வந்திருக்கு."

சூசை சிரித்தார். "பின்ன வராதா? அதுக்குள்ள போயில்லா தெனமும் வாறேன்."

ஒரு வாரத்தில் இருநூற்றுப் பதினான்கு பேரை அளந்தார்கள். ஊரின் சராசரி எண்பத்தொன்று. அந்த மாவட்டக் கரையில் அதுவரை யாரும் அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததில்லை.

மறுநாளே சென்னையிலிருந்து ரகோத்தமன் கூப்பிட்டார். மதிப்பீட்டு நிறுவனத்தின் தலைவர் அவர். தாட்சாயணியை வேலைக்கு எடுத்தவர், குரலை உயர்த்தாத மனிதர்.

"எண்பத்தொண்ணுன்னா திட்டமே கிடையாதும்மா. இருபத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி அங்க ஆழம் அதிகம், தூண் நிக்காது. நாலு மாவட்டத்துக்குக் கரண்ட் இதை நம்பி இருக்கு."

"அளந்தது அவ்வளவுதான் சார்."

"அளந்தது தப்புன்னு நான் சொல்லலை. புதுசா எதைப் பார்த்தாலும் ஜனங்க மிரளுவாங்க. ரயில் வந்தப்பவும் மிரண்டாங்க. அதனாலதான் விதியிலேயே பழக்கப்படுத்தல்னு ஒரு இடம் குடுத்திருக்கான். ஆறு வாரம், பன்னிரண்டு அமர்வு. அதுக்கப்புறம் வர்ற எண்தான் உண்மையான எண். பெனாசிரை அனுப்புறேன்."

பெனாசிர் நெற்றிப்பட்டைகளைக் கவனிக்கும் தொழில்நுட்பப் பெண். இருபத்தெட்டு வயது, எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவாள். இரண்டு பெட்டிப் பட்டைகளோடு வந்து இறங்கியவளிடம் தாட்சாயணி முதலில் கேட்டது, "இது என்னதான் பண்ணும்?" என்றுதான்.

"விமானத்துல ஏற பயப்படுறவங்களுக்கு ஆஸ்பத்திரியில குடுக்கிறதுதான் அக்கா. படம் ஓடும்போது நெத்தியில மெலிசா ஒரு மின்துடிப்பு போகும். பயம் கிளம்புற அந்த நேரம் பார்த்து, ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னு தட்டிக் குடுக்கிற மாதிரி. பத்துப் பன்னிரண்டு தடவையில மூளை கத்துக்கும்."

"அப்புறம் மறுபடி பயம் வருமா?"

"விமானப் பயம் போனா போனதுதான். வந்தா காசைத் திருப்பிக் கேப்பாங்களே" என்று பெனாசிர் சிரித்தாள். தாட்சாயணியும் சிரித்தாள்.

ஊர்க் கூட்டத்தில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. கடல் ஏற்கனவே இரண்டு தெருக்களைத் தின்றிருந்தது. கரையைக் காக்க ஒரு தூண்டில் வளைவு கட்டித் தாருங்கள் என்று பதினோரு வருடமாக மனுக் கொடுத்து அலுத்திருந்தார்கள். அமர்வுகளில் ஊர் கலந்துகொண்டால் கல்லைக் கொட்டி அந்த வளைவைக் கட்டித் தருவதாகக் காற்றாலைக் கம்பெனி எழுதிக் கொடுத்தது. சூசை எழுந்து, "தல வலிக்கல்ல. நான் இருந்து பாத்துட்டேன்" என்றார். அதுவே போதுமானதாக இருந்தது.

அமர்வுக்குச் சேர்க்கப்படாதவர்கள் சிலர் இருந்தார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், இதய நோயாளிகள். சூசையின் மனைவி கித்தேரிக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருந்ததால் அவளையும் பெனாசிர் திருப்பி அனுப்பினாள். மீன் ஏலத்தில் தன் குரலை மீறி இன்னொருவர் பேச விடாத கித்தேரிக்கு அது அவமானமாக இருந்தது. கூடத்து வாசலில் நின்று, "ஊரே உள்ள இருக்கு, எனக்கு மட்டும் என்ன கொற?" என்று அரை மணி நேரம் சத்தம் போட்டுவிட்டுப் போனாள்.

ஆறு வாரம் முடிந்தபோது எண் முப்பத்து நான்கு. தாட்சாயணி அறிக்கையில் சிப்பித்துறைக் கரையை இரண்டாம் தரம், குறைந்த உணர்திறன் என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினாள்.

அனுப்பி மூன்று நாள் கழித்து, தூத்துக்குடி விடுதியில் காலை உணவுக்குப் பிறகு, முடிவைச் சொல்லும் ஊர்க் கூட்டத்தில் காட்டப் படங்கள் தயாரித்துக்கொண்டிருந்தாள். முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் இருந்த வித்தியாசத்தை ஒரு வரைபடமாகப் போடலாம் என்று மூல அட்டவணையைத் திறந்தாள். அதில் அறிக்கைக்குத் தேவைப்படாத ஒரு பத்தி இருந்தது. வெறுங்கடல் என்று தலைப்பு. காற்றாலை தோன்றும் முன் அந்த இரண்டு நிமிடக் கடலுக்கு வந்த எண்கள்.

முதல் சுற்றில் சராசரி ஐம்பத்தேழு. கடைசிச் சுற்றில் ஆறு.

கீழே வரை நகர்த்திப் பார்த்தாள். நான்கு, ஏழு, ஐந்து, ஆறு, மூன்று. இருநூற்றுப் பதினான்கு வரிசையிலும் ஒரு எண்கூடப் பத்தைத் தொடவில்லை. சூசை மிராண்டாவுக்கு இரண்டு. பக்கத்து அறையிலிருந்த பெனாசிரை அழைத்து வந்து காட்டினாள்.

பெனாசிர் நின்றபடியே படித்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். "ஆறு எப்ப வரும் தெரியுமாக்கா? வெள்ளைச் சுவரைக் காட்டினா வரும்."

"காத்தாலைப் பயத்தை மட்டும்தானே குறைச்சோம்?"

"அப்படித்தான் நெனச்சோம். ஆனா படத்துல காத்தாலை எவ்வளவு? விரல் நகம் அளவு. மிச்சமெல்லாம் கடல். அவங்க உடம்பு கடலுக்குத்தான் பயந்துச்சு. நாம அதைத்தான் ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னு தட்டித் தட்டி..."

"கடல்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியாமப் போயிடுச்சா?"

"இல்லக்கா. தெரியும். காத்து, அலை, ஆழம் எல்லாம் தெரியும், எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனா தெரிஞ்சது வயித்தைப் பிடிக்காது. நெருப்பு சுடும்னு தெரியும், ஆனா கை தானா பின்னால வராது. அந்த மாதிரி."

தாட்சாயணி ரகோத்தமனை அழைத்தாள். அவர் முழுவதும் கேட்டார். "அந்தப் பத்தி நம்ம படிவத்துல கிடையாதும்மா" என்றார். "கடலைப் பார்த்து ஜனங்க நிம்மதியா இருக்காங்கன்னா அது கெட்ட செய்தியா? கூட்டத்தை முடிச்சிட்டு வா."

அன்று முற்பகலே வாடகைக் காரில் தாட்சாயணியும் பெனாசிரும் சிப்பித்துறைக்குக் கிளம்பினார்கள். நவம்பர் மாதம். துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாக வண்டியின் வானொலி சொல்லிக்கொண்டே வந்தது. உப்பளங்களின் மேல் வானம் ஈயம் பூசிய மாதிரி இருந்தது.

ஊரின் தெற்குக் கோடியில், தூண்டில் வளைவுக்காகக் கொண்டுவந்து கொட்டியிருந்த பாறைகளின் பக்கம் கார் நின்றது. தாட்சாயணி இறங்கியதும் முதலில் பார்த்தது ரோஸ்லினை. அமர்வுகளுக்குத் தவறாமல் வந்த இளம்பெண். கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இருபதடி முன்னால், அலைக்குள், அவளுடைய நான்கு வயது மகள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பளவு தண்ணீர். ஒரு அலை வந்து பிள்ளையின் தலைக்கு மேல் போனது. குழந்தை மறைந்து, மறுபடி தெரிந்து, இருமியது. ரோஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாள். மறுபடி நிமிர்ந்து பார்த்தாள்.

தாட்சாயணிக்கு நீச்சல் தெரியாது. சொந்த ஊரான கோபிச்செட்டிப்பாளையத்தில் வாய்க்காலில் கூட அவள் இறங்கியதில்லை. ஆனால் செருப்போடு ஓடினாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது, அலை இடுப்பில் அடித்தது, காலடி மணல் உருவிக்கொண்டு போனது. அடுத்த அலை அடித்தபோது அவள் கையில் பிள்ளையின் சட்டைக் காலர் சிக்கியது. இழுத்தாள். பின்னாலிருந்து பெனாசிர் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். மூவரும் கரையில் வந்து விழுந்தார்கள்.

ரோஸ்லின் எழுந்து வந்தாள். முகத்தில் அக்கறை இருந்தது, அவசரம் இல்லை. "என்னாச்சு மேடம்? ஏன் ஓடுனீங்க?"

"புள்ள மூழ்குது, பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்க!"

"ஆமா, பாத்துட்டேதான் இருந்தேன். இந்த அல கொஞ்சம் பெருசுதான்." ரோஸ்லின் மகளைத் தூக்கி முதுகைத் தட்டினாள். யோசிப்பவள்போல் முகம் சுருங்கியது. "எந்திரிச்சுப் போகணும்னு தெரிஞ்சுது மேடம். ஏன் போகல்லன்னுதான் தெரியல்ல."

தாட்சாயணி ஈரத் துப்பட்டாவைப் பிழிந்தாள். அந்த நேரம் பாதையில் கித்தேரி ஏறக்குறைய ஓடி வந்தாள். சத்தம் போடுகிற கித்தேரியாக இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வந்துட்டீங்களா? ஒங்களத்தான் தேடிட்டு இருக்கேன்" என்றாள். "என் வீட்டுக்காரவியளுக்கு என்ன செஞ்சீங்க?"

தாட்சாயணி பெனாசிரைப் பார்த்தாள். கித்தேரி நிறுத்தவில்லை.

"கூண்டு ஏத்தியாச்சு. மீன்துறை போகாதன்னு சொல்லியாச்சு. சும்மா மேகம் கறுத்தாலே ரெண்டு நாள் வள்ளத்த ஏத்திப் போட்டுட்டு உக்காந்திருக்கிற மனுசன். இன்னைக்குக் காலையில எந்திரிச்சு, புயல் வருது, சாயங்காலத்துக்குள்ள வந்துரும், மீன் நெறைய படும் அப்படின்னு சொல்லிட்டு வலைய எடுத்துட்டுப் போறாவ. நான் கால்ல விழுந்தேன். என்னத் தூக்கி விட்டுட்டு, எதுக்கு அழுதன்னு கேக்காவ!"

"எங்க அவரு?"

"கரையிலதான். பத்தொம்பது வள்ளம் கெளம்புது."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பாதி வள்ளங்கள் தண்ணீரில் இறங்கிவிட்டன. ஆண்கள் நிதானமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். கத்தல் இல்லை, ஏச்சு இல்லை, யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. அதுதான் தாட்சாயணியை அதிகம் மிரட்டியது. சூசையின் தம்பி சந்தியாகு பக்கத்து வள்ளத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே அவளைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

"அண்ணா, போகாதீங்க" என்று தாட்சாயணி சூசையின் வள்ளத்து விளிம்பைப் பிடித்தாள். "புயல் வருது."

"தெரியும்மா. ஒரு மூணு மணிக்குத் தொடும். காத்து சுத்திக்கிட்டு வருது பாருங்க."

"தெரிஞ்சும் போறீங்களா? உயிருக்கு ஆபத்துண்ணா!"

"அதுவும் தெரியுது." சூசை கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார், சட்டைப் பையில் எதையோ தேடுபவர் போல. "முன்னால இந்த மாதிரி நேரத்துல இங்கன ஒண்ணு வந்து நிக்கும். கால நகர விடாது. இப்ப அது வரல்ல. வரல்லன்னா போகலாம்னுதானே அர்த்தம்?"

"ஆபத்து இருக்குதுங்கண்ணா. அந்தப் பயத்தை நாங்கதான் எடுத்துட்டோம். நான் சொல்றதக் கேளுங்க."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அழுகிற குழந்தையைப் பார்ப்பதுபோல. அவள் விரல்களை ஒவ்வொன்றாக வள்ளத்திலிருந்து எடுத்துவிட்டார். வள்ளம் இறங்கியது.

இரண்டே முக்காலுக்குக் காற்று தொட்டது. மழை கிடையாக வந்தது. கரையில் நின்ற பெண்களில் பெரும்பாலோர் அமர்வுக்குப் போனவர்கள். அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நனைகிறதே என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் நின்றது கித்தேரியும், இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகளும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேரும், தாட்சாயணியும் பெனாசிரும். அந்தச் சின்னக் கூட்டம் மட்டும் மழையில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதது. பெனாசிர் கடலோரக் காவல் படையை மறுபடி மறுபடி கூப்பிட்டாள். மறுமுனையில் பேசியவர், எச்சரிக்கையை மீறிப் பத்தொன்பது வள்ளம் போனதென்பதை நம்பவே இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குள் பதினாறு வள்ளங்கள் வந்து சேர்ந்தன. மூன்று வரவில்லை. ஒன்பது பேர். அதில் சந்தியாகு ஒருவர்.

சூசை திரும்பியிருந்தார். தோள்பட்டை கிழிந்திருந்தது. ஏலக் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, கித்தேரி மருந்து வைக்க வைக்கச் சொன்னார்.

"சந்தியாகு வள்ளம் எனக்கு முன்னாலதான் கவுந்துச்சு. கயிறு போட்டேன். அவன் கைக்கு எட்டுற தூரம். பிடிக்கலாம். பிடிக்கல்ல. மெதுவா கையக் காட்டிட்டே இருந்தான். தண்ணி வாய்க்குள்ள போகுது, அடிச்சு நீந்த வேண்டாமா? அவசரமே இல்லாம... என்னயப் பாத்துட்டே போயிட்டான்." கண்ணீர் தாரையாக வழிந்தது. கை மட்டும் ஒரு துளிகூட ஆடவில்லை. "நானும் பாத்துட்டே நின்னேன்."

துக்கம் அவர்களுக்கு இருந்தது. பயம் மட்டும்தான் இல்லை. எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் வள்ளங்கள் மறுபடி கடலுக்குப் போயின.

தாட்சாயணி தன் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதினாள். அட்டவணையை இணைத்தாள். மூன்றாம் நாள் ரகோத்தமன் அவளிடம் ராஜினாமாவைக் கேட்டார். விசாரணைக்கு வந்த அதிகாரி நல்லவர், பொறுமையாகக் கேட்டார், கடைசியில் சொன்னார்: "எச்சரிக்கை குடுத்தும் போயிருக்காங்க. அவங்க சுயநினைவோட போனோம்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. கரைக்கு இரண்டாம் தரம்ங்கிறதுல பிழை ஒண்ணும் இல்லையேம்மா. இன்னைக்கு அளந்தாலும் முப்பத்து நாலுதானே வரும்?"

அது உண்மை. அன்று அளந்தாலும் அதுதான் வரும்.

பெனாசிர் மருத்துவர்களிடம் அலைந்தாள். பயத்தைத் திருப்பிக் கொடுக்க யாரும் இதுவரை முயன்றதில்லை. துடிப்பைத் தலைகீழாக ஓட்டினால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தானாகத் திரும்பலாம் என்றார் ஒருவர். எத்தனை வருடத்தில் என்று கேட்டபோது அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஜனவரியில் ஒரு பகல், தாட்சாயணி விடுதி அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, கதவைத் தட்டியது கித்தேரி. பஸ் பிடித்து வந்திருந்தாள். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

"ஒரு காரியம் கேட்டு வந்தேன். அந்தப் பட்டைய எனக்கும் போட்டு விடுங்க."

"அக்கா!"

"வலிப்பு வந்தா வரட்டும். தெனமும் காலையில அந்த மனுசன் சிரிச்சிட்டுப் போறாவ. நான் மட்டும் நடுங்கிட்டு நிக்கேன். அவியளுக்கும் சேத்து, வீட்டுக்கும் சேத்து, ஊருக்கும் சேத்து நான் ஒருத்தி பயந்துகிட்டுக் கெடக்கேன். சோறு எறங்கல்ல. படுத்தா அலைச் சத்தம். ரோஸ்லின் மக தண்ணிப் பக்கம் போகுதான்னு பாக்கணும், பக்கத்து வீட்டுத் தொம்மை பெஞ்சாதி கெணத்தடியில பிள்ளய விட்டிருக்காளான்னு பாக்கணும். எல்லாவளும் நல்லா தூங்குதா. என்னால முடியல்ல மேடம். எடுத்துருங்க இத."

தாட்சாயணி அவள் கையைப் பிடித்தாள். எலும்பும் தோலுமாக இருந்தது. "நீங்க சொல்லி யாராவது கேக்கறாங்களாக்கா? போகாதன்னு சொன்னா?"

"இப்ப கேக்காவ. சந்தியாகு போனதுக்குப் பெறவு கேக்காவ. எங்களுக்குத்தான் தெரியல்ல, நீ சொல்லு கித்தேரி, ஒனக்குப் பயமா இருந்தா நாங்க போகல்லன்னு வந்து நிக்காவ. அதான் இன்னும் கொடும. தெனமும் நான் பயந்து காட்டணும்."

"நீங்களும் பட்டையைப் போட்டுக்கிட்டா, சின்னப் பிள்ளைங்களையும் முடியாதவங்களையும் விட்டா அங்க பயப்படறதுக்கு ஆளே இருக்க மாட்டாங்க."

கித்தேரி முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். மூடிய பெட்டிகளைப் பார்த்தாள். தாட்சாயணியைப் பார்த்தாள்.

"நீங்க இருக்கீங்கல்லா" என்றாள்.

"எனக்குக் கடலைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்கக்கா."

"கடல் தெரியாண்டாம். கடல் அவியளுக்குத் தெரியும். பயந்தா மட்டும் போதும். ஒரு வாரம் நான் பயப்படுதேன். ஒரு வாரம் நீங்க பயப்படுங்க. ஒங்க வாரத்துல நான் ஆத்தா வீட்டுக்குப் போயி உப்பளத்துப் பக்கம் படுத்துத் தூங்கிட்டு வாரேன். கடல் கேக்காத எடத்துல."

கோபிச்செட்டிப்பாளையத்தில் தாட்சாயணியின் அம்மா எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை ஐந்தரைக்கு ரயில்.

பிப்ரவரி முதல் வாரம் தாட்சாயணியின் வாரம். விடிந்து வெளிச்சம் பரவியதும் கரைக்கு வந்தாள். தூரத்தில், அடிவானத்தில், முதல் காற்றாலைகளின் தூண்கள் ஏழு எட்டு நின்றன. கம்பெனியின் பளுதூக்கிக் கப்பல் அவற்றுக்கிடையே மெதுவாக நகர்ந்தது. வள்ளங்கள் வரிசையாக மணலில் காத்திருந்தன. யாரும் அவற்றைத் தொடவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சூசை அவள் பக்கத்தில் வந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி சொன்னார்.

"நீரோட்டம் தெக்க இழுக்கு. நேத்த விட வேகம். வாடைக் காத்து. கெழக்க அடியில ஒரு கறுப்பு இருக்கு பாருங்க, அது மேல வரலாம், வராமலும் போகலாம். புதுசா நட்ட தூணுக்குப் பக்கத்துல தண்ணி சுழிக்கி. எஞ்சின் நின்னா வள்ளம் அதுல போயி மோதும்."

"மோதினா?"

"ஒடையும்."

"உடைஞ்சா?"

"நீந்தணும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "நீந்துவோமான்னு தெரியல்ல" என்றார். வெயில் எப்படி இருக்கிறது என்று சொல்கிற அதே குரல்.

தாட்சாயணிக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. வாய் உலர்ந்தது. கால் மணலுக்குள் புதைந்துகொண்டு நகர மறுத்தது. கிழக்கே கிடந்த கறுப்பைப் பார்த்தாள். அவளுக்கு அது சாதாரண மேகமாகவும் தெரிந்தது, சாவாகவும் தெரிந்தது. ஐம்பது அறுபது ஆண்கள், அமைதியாக, ஆர்வமாக, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம்" என்றாள். குரல் உடைந்தது. "இன்னைக்கு வேண்டாங்கண்ணா. எனக்குப் பயமா இருக்கு."

"சரிம்மா" என்றார் சூசை. திரும்பிக் கையை உயர்த்தி மற்றவர்களுக்குக் காட்டினார். வள்ளங்களை மேலே இழுக்க ஆரம்பித்தார்கள்.